குடியேறிகளின் அரசியலும் குடியிருப்பின் அரசியலும்: கிழக்கு இலண்டன், 1885–1978

ஆய்வுச்சுருக்கம்

பெருநகரங்களில் குடியேறிகள் செறிந்து வாழும் பகுதிகளில் தீவிர அரசியல் தோன்றும்போது, அதனை அவர்கள் தாய்நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒன்றாகக் கருதும் போக்கு நெடுங்காலமாக உள்ளது. கிழக்கு இலண்டனின் வைட்சேப்பல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், ஸ்டெப்னி ஆகிய பகுதிகளில் 1885 முதல் 1978 வரை நிகழ்ந்த போராட்டங்களைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. 1912இன் தையல் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1938–39இன் வாடகை மறுப்புப் போராட்டங்கள், 1976–78இன் வங்காளியர் இயக்கம் ஆகிய மூன்றும் வெவ்வேறு கொள்கைகளின் பெயரால் நடந்தவை. எனினும் அவற்றை இயக்கிய காரணிகள் பட்டறை, வாடகை வீடு, தெரு என்னும் மூன்றுமே. கொள்கைப் பரப்புரை குடியேறிகளைப் பெரும்பாலும் தனிமைப்படுத்தியது. அன்றாட வாழ்வின் பொதுச்சிக்கல் ஒன்றே அவர்களை அயலாரோடு இணைத்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கிழக்கு இலண்டன், குடியேற்றம், யித்திஷ், தையல் தொழில், வாடகை மறுப்பு, வங்காளியர், தீவிர அரசியல்.

முன்னுரை

இலண்டனின் பிரிக் லேன் தெருவில் 1743இல் ஒரு தேவாலயம் எழுப்பப்பட்டது. பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்கு அஞ்சி வந்த ஹியூகனாட் என்னும் சீர்திருத்தக் கிறித்தவர்கள் அதனைக் கட்டினர். அதே கட்டடம் 1898இல் யூதத் தொழுகைக் கூடமாகவும் 1976இல் பள்ளிவாசலாகவும் மாறியது. ஒரே பகுதியில் குடியேறிகள் அலையலையாக வந்து தங்கியதைக் காட்ட இக்கட்டடத்தைச் சான்றாகக் கூறுவது வழக்கம். வழிபாட்டின் தொடர்ச்சிக்கு இவ்வாறு ஒரு கட்டடம் சான்றாக நிற்கிறது. அரசியலின் தொடர்ச்சிக்கு அத்தகைய சான்று எளிதில் கிட்டுவதில்லை. யூதர்களின் அரசின்மைவாதம், 1930களின் பொதுவுடைமை இயக்கம், வங்காளியரின் இனவெறி எதிர்ப்பு இயக்கம் ஆகியவை தனித்தனி வரலாறுகளாகவே எழுதப்படுகின்றன. அவற்றை ஒரே நிலப்பரப்பின் வரலாறாக வைத்துப் பார்த்தால் புலப்படுவன யாவை என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

இவ்வினா நடைமுறை விளைவுகள் உடையது. தீவிர அரசியல் வெளியிலிருந்து வந்தது என்று கொண்டால், குடியேற்றத்தைத் தடுப்பதே அதற்குத் தீர்வாகும். அது அப்பகுதியின் வாழ்க்கை நிலைமையிலிருந்து பிறந்தது என்று கொண்டால், கூலியையும் வீட்டையும் சீர்செய்வதே தீர்வாகும். பிரித்தானிய அரசு 1905இல் அயலார் சட்டத்தை இயற்றி முதல் வழியைத் தேர்ந்தது.

பட்டறையும் வாடகை வீடும்

1881க்குப் பின் ஜார் ஆட்சியின் ஒடுக்குமுறையாலும் யூத எதிர்ப்புக் கலவரங்களாலும் வறுமையாலும் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 1914க்குள் பிரித்தானியாவில் தங்கியோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பகுதியினர் துறைமுகத்துக்கு அருகிலிருந்த கிழக்கு இலண்டனில் குடியேறினர். ஆங்கிலம் அறியாத அவர்களுக்கு உடனடியாகக் கிடைத்த வேலை தையல்.

அங்கு நிலவிய உற்பத்தி முறை 'வியர்வைமுறை' என்றே பெயர்பெற்றது. பெரிய துணிக்கடைகள் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட, அவர் சிறு பட்டறைக்காரரிடம் விட்டார். பட்டறை பெரும்பாலும் வீட்டின் ஓர் அறையே. எந்திரம் தைப்பவர், நூலோட்டுபவர், தேய்ப்பவர், முடிப்பு வேலை செய்பவர் என வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பருவத்தில் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு. பருவம் கழிந்தால் வேலையே இல்லை. 1888இல் பிரபுக்கள் அவை இம்முறையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. சார்ல்ஸ் பூத் மேற்கொண்ட இலண்டன் வறுமை ஆய்வும் இத்தொழிலை விரிவாகப் பதிவுசெய்துள்ளது.

இம்முறையில் தொழிற்சங்கம் அமைப்பது கடினம். ஒரு பட்டறையில் பத்துப்பேர் இருப்பதே அரிது. இன்று தொழிலாளியாக இருப்பவர் ஓர் எந்திரத்தை வாடகைக்கு எடுத்து நாளை பட்டறைக்காரராகலாம். மறுபருவத்தில் மீண்டும் தொழிலாளியாகலாம். ஆகவே தொழிற்சாலை வாயிலில் திரளும் தொழிலாளர் கூட்டம் இங்கு இல்லை. அவர்கள் திரண்ட இடங்கள் தெரு, மன்றம், தேநீர்க்கடை ஆகியனவே. குடியிருப்புப் பகுதியே அரசியல் களமானதற்கு இத்தொழிலமைப்பே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் வாடகை. குடியேறிகள் பெருகப் பெருக வாடகை உயர்ந்தது. வீட்டின் சாவியைப் பெறுவதற்கென்றே தனித்தொகை கேட்கப்பட்டது. இந்நெருக்கடியை ஆங்கிலேய அயலார் குடியேறிகளின் குற்றமாகக் கருதினர். 1901இல் தோன்றிய பிரித்தானியச் சகோதரர் கழகம், ஸ்டெப்னி நாடாளுமன்ற உறுப்பினர் எவான்ஸ் கார்டனின் ஆதரவோடு, இக்கசப்பை அரசியலாக்கியது. தொழிற்சங்கங்களும் இப்போக்குக்கு விலக்கல்ல. பிரித்தானியத் தொழிற்சங்கப் பேராயமே 1895இல் குடியேற்றக் கட்டுப்பாட்டை ஆதரித்துத் தீர்மானம் இயற்றியது. குடியேறிகளும் உள்ளூர்த் தொழிலாளரும் ஒரே வீட்டுரிமையாளரால் சுரண்டப்பட்டும் ஒருவரையொருவர் பகைத்து நின்ற நிலையே இவ்வரலாற்றின் தொடக்கப்புள்ளி.

கொள்கையின் எல்லை

மாரிஸ் வின்செவ்ஸ்கி 1884இல் யித்திஷ் மொழியில் ஒரு சமதர்ம இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அவர் தொடங்கிய 'அர்பெட்டர் ஃப்ரைண்ட்' (தொழிலாளர் நண்பன்) என்னும் இதழ் நீடித்து நின்றது. அதே ஆண்டில் பெர்னர் தெருவில் தொழிலாளர் கல்வி மன்றம் ஒன்றும் நிறுவப்பட்டது. யித்திஷ் மொழியைக் கற்றோர் தாழ்வாகக் கருதிய காலத்தில், அதனை அரசியலுக்கும் அறிவியலுக்கும் உரிய மொழியாக்கியது இவ்வியக்கத்தின் நிலைத்த பங்களிப்பாகும்.

ஆயினும் தொடக்ககால இயக்கத்தார் மதமறுப்பையே முதன்மைப்படுத்தினர். 1889 மார்ச்சில் வேலையற்றோரைத் திரட்டிப் பெரிய தொழுகைக் கூடத்துக்கு ஊர்வலம் சென்றனர். நோன்பு நாளாகிய யோம் கிப்பூர் அன்று விருந்தும் நடனமும் நடத்தினர். மத நம்பிக்கையுடைய ஏழைத் தொழிலாளரை இவை புண்படுத்தின. அதே 1889இல், துறைமுகத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தத்தையொட்டித் தையல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆயிரக்கணக்கானோர் அதில் இணைந்தனர். அவர்கள் கேட்டது உணவு இடைவேளையோடு கூடிய பன்னிரண்டு மணி நேர வேலைநாள். இறைமறுப்பு ஊர்வலம் சமூகத்தைப் பிளந்தது. வேலைநேரக் கோரிக்கை அதனை ஒன்றாக்கியது. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டும் அருகருகே வைத்து நோக்கத்தக்கவை.

இப்பாடத்தை நன்கு உணர்ந்தவர் ரூடால்ஃப் ராக்கர். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1873இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர் புத்தகம் கட்டும் தொழிலாளி, யூதர் அல்லர். 1895இல் இலண்டன் வந்து, யித்திஷ் கற்று, 1898 முதல் 'அர்பெட்டர் ஃப்ரைண்ட்' இதழின் ஆசிரியரானார். அவருடைய வாழ்க்கைத் துணைவியான மில்லி விட்காப் உக்ரைனிலிருந்து வந்து பட்டறையில் உழைத்தவர். இதழ்ப் பணியில் சரிபாதிப் பங்கு வகித்தவர். இவர்கள் முயற்சியால் 1906இல் ஜூபிலி தெருவில் ஒரு மன்றம் திறக்கப்பட்டது. திறப்புவிழாவில் க்ரோபோட்கின் உரையாற்றினார். ஆங்கில வகுப்பு, வரலாறு, இலக்கியச் சொற்பொழிவு, நூலகம் ஆகியவை கட்சி வேறுபாடின்றி அனைவருக்கும் உரியனவாக இருந்தன.

அரசும் செய்தித்தாள்களும் இம்மன்றத்தை வேறு கண்ணால் பார்த்தன. 1910 டிசம்பரில் ஹவுண்ட்ஸ்டிச்சில் நகைக்கடைக் கொள்ளை முயற்சியில் மூன்று காவலர்கள் கொல்லப்பட்டனர். 1911 ஜனவரி 3ஆம் நாள் சிட்னி தெரு வீடொன்றில் பதுங்கியிருந்தோரைப் படை முற்றுகையிட்டது. உள்துறைச் செயலராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் நேரில் வந்தார். இதில் ஈடுபட்டோர் லாட்விய நாட்டுத் தலைமறைவுக் குழுவினர். எனினும் பழி வைட்சேப்பலின் அரசின்மைவாதிகள் அனைவர் மீதும் விழுந்தது. 'இறக்குமதியான அபாயம்' என்னும் படிமம் மக்கள் மனத்தில் ஊன்றியது இந்நிகழ்ச்சியால்தான்.

1912: தையலரும் துறைமுகத் தொழிலாளரும்

இந்நிகழ்ச்சி நடந்த பதினாறாம் மாதத்தில் அதே பகுதி முற்றிலும் வேறான ஒன்றைச் செய்துகாட்டியது. 1912 ஏப்ரல் இறுதியில் மேற்கு இலண்டனின் உயர்தரத் தையல் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்கள் பல நாட்டினர். கிழக்குப் பகுதித் தொழிலாளரைவிடக் கூடுதல் கூலி பெற்றவர்கள். அவர்கள் கைவிட்ட வேலை கிழக்குப் பட்டறைகளுக்கு வந்தது. இதனால் குடியேறிகள் கருங்காலிகள் என்னும் பழைய குற்றச்சாட்டு மெய்யாகும் நிலை ஏற்பட்டது. ராக்கர் தம் இதழில் இதனையே வலியுறுத்தினார். மே 8ஆம் நாள் நடந்த பெருங்கூட்டத்தில் வேலைநிறுத்தம் முடிவாயிற்று. இரண்டு நாள்களில் ஏறத்தாழ 13,000 பேர் வெளியேறினர்.

சங்கத்திடம் நிதி இல்லை. பொதுச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. வேலையிலிருந்த பிற தொழில்களின் சங்கங்களும் சிறுகடைக்காரர்களும் உதவினர். இதழ் நாளேடாக வெளிவந்தது. மூன்று வாரங்களில் முதலாளிகள் இணங்கினர். வேலைநேரக் குறைப்பு, துண்டுவேலை முறை ஒழிப்பு, சங்க உறுப்பினரையே பணியமர்த்தல் ஆகியவை ஏற்கப்பட்டன.

இதே வேளையில் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நீண்டுகொண்டிருந்தது. அவர்களுள் ஐரிஷ் கத்தோலிக்கர் பலர். யூதர்களோடு இணக்கம் இல்லாதவர். பட்டினியால் வாடிய அவர்களுடைய குழந்தைகளை யூதக் குடும்பங்கள் தம் வீடுகளுக்கு அழைத்துச் சென்று வளர்த்தன. ராக்கரின் நினைவுக்குறிப்புகள் இக்குழந்தைகளின் எண்ணிக்கையை முந்நூறுக்கு மேல் எனக் கூறுகின்றன. தாமே மூன்று வாரம் கூலியிழந்த ஓரறைக் குடும்பங்கள் இதனைச் செய்தன என்பது கருதத்தக்கது. அரசின்மைக் கோட்பாட்டை அறியாத தாய்மார்களே இதில் முன்னின்றிருப்பர் என ஊகிக்கலாம். கொள்கை அவர்களுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. அவர்களை நடத்தியது பசியைப் பற்றிய சொந்த அறிவு.

1914இல் போர் மூண்டதும் ராக்கர் பகைநாட்டவராகச் சிறைவைக்கப்பட்டார். போர்க்காலத்தில் இதழும் ஒடுக்கப்பட்டது. மில்லி விட்காப்பும் சிறை சென்றார். 1917இன் ரஷ்யப் புரட்சியையொட்டி இயக்கத்தார் பலர் நாடு திரும்பினர். ஓர் இயக்கம் என்ற அளவில் யித்திஷ் அரசின்மைவாதம் இலண்டனில் அத்துடன் நலிந்தது. அதனை ஈன்ற பட்டறையும் வாடகை வீடும் அப்படியே இருந்தன.

1936–1939: தெருவிலிருந்து வீட்டுக்கு

1932இல் ஆஸ்வல்ட் மோஸ்லி தொடங்கிய பிரித்தானியப் பாசிசக் கட்சி, கிழக்கு இலண்டனைத் தன் முதன்மைக் களமாகக் கொண்டது. 1936 அக்டோபர் 4ஆம் நாள் அக்கட்சியின் அணிவகுப்பை மக்கள் கேபிள் தெருவில் தடையரண் அமைத்து நிறுத்தினர். யூத அமைப்புகளின் தலைமை மக்களை வீட்டிலேயே இருக்குமாறு கேட்டுக்கொண்டது. இளைஞர் அதனைக் கேட்கவில்லை. ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர் பலர் அவர்களோடு நின்றனர். 1912இல் யூத வீடுகளில் உண்ட குழந்தைகள் இப்போது வளர்ந்து நன்றி செலுத்தினர் என்று இதனை விளக்குவதுண்டு.

இவ்விளக்கம் முழுமையானதன்று. கேபிள் தெரு நிகழ்ச்சிக்கு ஐந்து மாதங்களுக்குப் பின், 1937 மார்ச்சில் நடந்த இலண்டன் மாவட்டப் பேரவைத் தேர்தலில், பெத்னல் கிரீன் வடகிழக்குத் தொகுதியில் பாசிசக் கட்சி 23 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றது. தெருவில் தோற்ற கட்சிக்கு வீடுகளில் ஆதரவு இருந்தது. இதனை உணர்ந்தவர்களுள் ஒருவர் ஸ்டெப்னியின் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் ஃபில் பிராடின். அவர் தம் நூலில் பேரகன் மேன்ஷன்ஸ் என்னும் குடியிருப்பில் நடந்ததை விவரிக்கிறார். வெளியேற்றப்படவிருந்த குடும்பத்தார் பாசிசக் கட்சியின் உறுப்பினர்கள். அவர்களுக்காகப் பொதுவுடைமைக் கட்சியினர் அயலாரைத் திரட்டி வெளியேற்றத்தைத் தடுத்தனர். அதன்பின் அக்குடும்பத்தார் தம் கட்சி உறுப்பினர் அட்டையைக் கிழித்தெறிந்தனர்.

இவ்வழியில் ஸ்டெப்னி வாடகைதாரர் பாதுகாப்புக் கழகம் வளர்ந்தது. ஜான் குரோசர் என்னும் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு அதன் தலைவராக விளங்கினார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் புறம்பாக வசூலிக்கப்பட்ட மிகைவாடகையைக் கணக்கிட்டுத் திரும்பக் கேட்பது இதன் முதற்பணி. பழுது நீக்காத இடங்களில் வாடகை மறுக்கப்பட்டது. 1939இல் லாங்டேல் மேன்ஷன்ஸ், பிரேடி தெரு மேன்ஷன்ஸ் ஆகிய குடியிருப்புகளின் போராட்டம் 21 வாரங்கள் நீடித்து வென்றது. வாயில்களில் முள்வேலியிட்டு, ஆண்கள் வேலைக்குச் சென்ற பகல்வேளைகளில் பெண்களே காவல் நின்றனர். யூதரும் கத்தோலிக்கரும் ஒரே படிக்கட்டில் ஒரே கோரிக்கைக்காக நின்ற அனுபவத்தைக் கேபிள் தெருவின் ஒருநாள் வெற்றி தந்திருக்க இயலாது. 1945இல் மைல் எண்ட் தொகுதியிலிருந்து பிராடின் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இவ்வீட்டுப் போராட்டங்களும் அடித்தளமாயின.

1968–1978: மீண்டும் தொடக்கம்

இணக்கம் பரம்பரைச் சொத்தன்று என்பதற்கு 1968 சான்று. அவ்வாண்டு ஏப்ரல் 20இல் ஈனக் பவல் குடியேற்றத்துக்கு எதிராகப் பர்மிங்காமில் உரையாற்றினார். மூன்று நாள்களில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றம் நோக்கி ஊர்வலம் சென்றனர். 1912இலும் 1936இலும் குடியேறிகளோடு நின்ற அதே தொழிற்பிரிவினர் இவர்கள். இடைப்பட்ட காலத்தில் யூதர் பெரும்பாலும் புறநகர்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். அவர்கள் விட்ட பட்டறைகளுக்கும் வீடுகளுக்கும் சில்ஹெட் மாவட்டத்து வங்காளியர் வந்திருந்தனர். கப்பல் தொழிலாளராக முன்னரே இத்துறைமுகத்தை அறிந்தவர்கள் அவர்கள். 1971க்குப் பின் மனைவி மக்களும் வந்து சேர, வீட்டுச் சிக்கல் முற்றியது.

நகராட்சி வீடுகள் அவர்களுக்கு எளிதில் ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கப்பட்ட தொலைதூர அடுக்ககங்களில் தாக்குதலுக்கு உள்ளாகிப் பலர் திரும்பினர். இடிப்பதற்காகக் காலியாக்கப்பட்ட வீடுகளில் குடும்பங்கள் தாமே குடியேறின. 1976இல் வங்காளியர் வீட்டுவசதிச் செயற்குழு அமைந்தது. 'ரேஸ் டுடே' இதழைச் சார்ந்த ஃபரூக் தோண்டி, மாலா சென் முதலியோர் துணைநின்றனர். பிரிக் லேனை ஒட்டிய பாதுகாப்பான பகுதியிலேயே வீடு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இதனை ஒதுங்கி வாழும் விருப்பமாகச் சிலர் கண்டனர். தாக்கப்படாமல் வேலைக்குச் சென்று திரும்பும் உரிமையே அதன் உட்பொருள்.

1978 மே 4ஆம் நாள், வேலை முடிந்து திரும்பிய அல்தாப் அலி என்னும் இளம் தையல் தொழிலாளி ஆட்லர் தெருவில் இனவெறியரால் கொல்லப்பட்டார். பத்து நாள்களுக்குப் பின் ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின் பிரதமர் இல்லம் வரை நடந்தனர். ஜூலை 17ஆம் நாள் வங்காளித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிரிக் லேனில் கடைகள் அடைக்கப்பட்டன. இனவெறிக் கட்சியினர் இதழ் விற்கும் முனையைப் போராட்டக்காரர் அமர்ந்து கைப்பற்றினர். அவ்வாண்டிலேயே பெத்னல் கிரீன், ஸ்டெப்னி தொழிற்சங்க அவை, வங்காளியர் மீதான தாக்குதல்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது. பவலுக்காக ஊர்வலம் சென்ற தொழிலாளர் வாழ்ந்த பகுதியின் சங்க அவை அது. பெர்னர் தெரு மன்றம், 1936இல் கூட்டம் திரண்ட கார்டினர் முனை, ஆட்லர் தெரு ஆகிய மூன்றும் சில நிமிட நடைத்தொலைவில் உள்ளவை.

முடிவுரை

மேற்கண்ட மூன்று கட்டங்களின் கொள்கைகள் வேறு, மொழிகள் வேறு, சமயங்களும் வேறு. வங்காளியர் ராக்கரைப் படித்தவர் அல்லர். எனினும் மூன்று கட்டங்களிலும் சிறு பட்டறை, வாடகை வீடு, பாதுகாப்பற்ற தெரு என்னும் காரணிகளே செயல்பட்டன. எனவே தீவிர அரசியல் கப்பலில் வந்திறங்கியது என்னும் வாதம் நிலைக்காது. குடியேறிகள் கொண்டுவந்தது அந்த அரசியலைப் பேசுவதற்கான சொற்களை மட்டுமே.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். பொதுவான துன்பம் தானாகவே ஒற்றுமையை விளைவிப்பதில்லை. 1895இன் தீர்மானமும் 1937இன் வாக்கு விவரமும் 1968இன் ஊர்வலமும் அதனைத் தெளிவாக்குகின்றன. ஒரே துன்பம் பகைமைக்கும் இட்டுச் செல்லும். பகைமை இணக்கமாகத் திரும்பிய ஒவ்வொரு முறையும், ஒருவர் மற்றவருக்காகக் கைப்பொருளை இழக்க முன்வந்த ஒரு செயல் இருந்தது. கூலியை இழந்த தையலர், பாசிசக் குடும்பத்தின் வீட்டுவாயிலில் நின்ற பொதுவுடைமையர், தம் உறுப்பினரின் வெறுப்பைத் தாண்டி அறிக்கை எழுதிய சங்கத்தார் ஆகியோர் அதற்குச் சான்று. முந்தைய தலைமுறையின் செயல் அடுத்த தலைமுறைக்கு முன்மாதிரியாகலாம், அதற்கு ஈடாகாது.

மும்பையின் தாராவி, கோலாலம்பூரின் செந்தூல் போன்ற தமிழர் குடியேற்றப் பகுதிகளை ஆராய்வோர், தாயகத்திலிருந்து சென்ற இயக்கங்களின் செல்வாக்கையே முதலில் தேடுவது இயல்பு. அத்தேடலோடு அங்குள்ள வாடகைச் சீட்டுகளையும் கூலிக் கணக்குகளையும் அயலாரோடு கொண்ட உறவையும் சேர்த்துப் படித்தால், அப்பகுதிகளின் அரசியல் வரலாறு வேறொரு வடிவம் பெறக்கூடும்.